குருவின்றிக் காத்திருந்த 29 ஆண்டுகள்

கடற்கரைப் பங்குகளில் பணியாற்றியவர்கள் அறிவர், அங்கே காற்றுதான் நாட்காட்டி. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் சொல்லி, எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்று சிறுவனும் கணக்குச் சொல்வான். ஆயினும் காற்று எந்த நாளில் திரும்பும் என்று முதிர்ந்த மீனவரும் அறுதியிட்டுக் கூறுவதில்லை. "திரும்பும் சாமி" என்பார். மேலும் கேட்டால், கிழிந்த வலையைச் சரிசெய்யக் குனிந்துவிடுவார்.

பல ஆண்டுகளுக்கு முன் அத்தகைய பங்கு ஒன்றில் ஒரு தாய் நம்மிடம் வந்தார். வேலைக்கென வெளிநாடு சென்ற அவருடைய மகனிடமிருந்து நெடுங்காலமாக ஒரு கடிதமும் இல்லை, ஒரு செய்தியும் இல்லை. நாமும் குருக்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதலைச் சொன்னோம். "கவலைப்படாதீர்கள் அம்மா, ஆண்டவர் தமக்குரிய நேரத்தில் செயல்படுவார்" என்றோம். அந்தத் தாய் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அது எப்போ சாமி? நான் இருக்கும்போதா, நான் போன பிறகா?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. குருமடத்தில் இறைப்பராமரிப்பைப் பற்றி நாம் கற்ற பாடங்களில் ஒன்றும் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை.

காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் சபை உரையாளர் நூலின் 3-ஆம் அதிகாரத்தை நாடுகிறோம். பிறப்பும் இறப்பும், நடுதலும் பறித்தலும், அழுகையும் சிரிப்புமாக வாழ்வின் எதிரெதிர்ப் பருவங்களை 14 இணைகளாக அந்நூல் அடுக்கிக் காட்டுகிறது. திருமணத்திலும் அடக்கத்திலும் அப்பகுதியை வாசிக்கக் கேட்கிறோம். ஆனால் அந்த இணைகளைத் தொடர்ந்து வரும் 11-ஆம் வசனத்தை நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். இறைவன் ஒவ்வொன்றையும் அதனதன் காலத்தில் செம்மையாகச் செய்கிறார் என்று கூறும் ஆசிரியர், அச்செயலின் தொடக்கத்தையும் முடிவையும் மனிதனால் கண்டறிய இயலாது என்றும் உடனே சேர்த்துக் கூறுகிறார். காலத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு நம் கைக்கு எட்டாது. இவ்விரண்டையும் சேர்த்து ஏற்பதே விசுவாசம். முதற்பாதி ஆறுதல் தருகிறது. இரண்டாம் பாதியோ நம்மைச் சோதிக்கிறது.

இதைத் தத்துவமாக விளக்குவதைவிட, நம் கடலுக்கு அக்கரையில் நம் மொழி பேசும் இறைமக்கள் வாழ்ந்துகாட்டிய ஒரு வரலாற்றை நினைவுகூர்வது நலம் என எண்ணுகிறோம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்கர் குருவின்றிக் காத்திருந்த 29 ஆண்டுகளின் வரலாறு அது.

நிழல் அகன்ற நாள்

மன்னார்த் தீவின் மக்கள் புனித சவேரியாரின் காலத்திலேயே திருமுழுக்குப் பெற்றவர்கள். முத்துக்குளித்துறையில் சவேரியார் செய்த பணியைக் கேள்வியுற்ற அவர்கள் அவரை அழைத்தனர். தாம் செல்ல இயலாத நிலையில் அவர் வேறொரு குருவை அனுப்பினார். அதனால் சினமுற்ற யாழ்ப்பாண மன்னன் சங்கிலி, 1544-இல் ஏறத்தாழ 600 பேரைக் கொன்றான். இரத்தத்தில் தொடங்கிய இத்திருச்சபை, 1619-இல் போர்த்துக்கீசர் யாழ்ப்பாண அரசைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தபின் விரைந்து வளர்ந்தது. ஊர்தோறும் கோவில்கள் எழுந்தன. பிரான்சிஸ்கு சபையினரும் இயேசு சபையினரும் பங்குகளை நடத்தினர்.

அந்த வளர்ச்சியின் ஒரு பகுதி ஆட்சியின் நிழலில் நிகழ்ந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பதவிக்காகவும் பாதுகாப்புக்காகவும் திருமுழுக்குப் பெற்றோரும் இருந்தனர். நிழல் அகன்றால் பயிர் வாடிவிடும் என்றே பலரும் எண்ணியிருப்பர்.

நிழல் அகன்றது. 1656-இல் கொழும்பு வீழ்ந்தது. 1658-இல் நம் தூத்துக்குடியும், மன்னாரும், யாழ்ப்பாணமும் ஒன்றன்பின் ஒன்றாக ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர் வசமாயின. கால்வின் மரபைச் சேர்ந்த சீர்திருத்த சபையே புதிய ஆட்சியாளரின் சமயம். கத்தோலிக்கக் குருக்கள் நாட்டை விட்டு அகற்றப்பட்டனர். குருவை வீட்டில் மறைத்து வைப்போருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் ஆணை பிறந்தது. பிலிப்பு பல்தேயு என்ற சீர்திருத்த சபைப் போதகர் யாழ்ப்பாணக் கோவில்களைப் பொறுப்பேற்றார். 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான அவருடைய நூல் அக்கோவில்களை ஊர் ஊராக விவரிக்கிறது. கட்டடங்கள் அவையே. பீடங்களும் திருவுருவங்களும் போய், அவை புதிய சபையின் கோவில்களாகவும் பள்ளிகளாகவும் மாறியிருந்தன. பிள்ளைகள் அப்பள்ளிகளுக்குச் செல்ல வேண்டும். திருமுழுக்கும் திருமணமும் அப்பதிவேட்டில் ஏற வேண்டும். அரசுப் பதவியை நாடியவர் அந்தச் சபையின் உறுப்பினராக இருக்க வேண்டும்.

ஆக, 1658-இல் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்குத் திருப்பலி இல்லை, ஒப்புரவு இல்லை, இறக்கும் வேளையில் எண்ணெய் பூசுவாரும் இல்லை. இந்நிலை எத்தனை ஆண்டு நீடிக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இதை நாம் ஊன்றி நினைக்க வேண்டும். '29 ஆண்டுகள்' என்று இன்று நாம் தலைப்பிடுகிறோம். அவர்களுக்கு அந்த எண் தெரியாது. ஒவ்வோர் ஆண்டும் அவர்களுக்கு முடிவற்ற காலத்தின் ஒரு பகுதியாகவே கழிந்தது.

மக்கள் காத்த விளக்கு

அந்த ஆண்டுகளில் அவர்கள் ஆற்றிய பணிக்குப் பெரும் வீரச்செயல் என்று பெயர் சூட்ட இயலாது. திருஅவையின் பழைய மரபுப்படி, அவசர நிலையில் எந்த விசுவாசியும் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்கு அளிக்கலாம். அந்த உரிமையைக் கொண்டு மூத்தோர் தம் பேரப்பிள்ளைகளைக் கிறிஸ்துவுக்குச் சொந்தமாக்கினர். பகலில் சீர்திருத்த சபையின் பள்ளியில் அமர்ந்த பிள்ளைகளுக்கு மாலையில் தாய்மார் செபங்களைச் சொல்லிக்கொடுத்தனர். செபமாலை கைம்மாறிக் கைம்மாறி அடுத்த தலைமுறைக்குச் சென்றது. ஒப்புரவுக்குக் குரு இல்லாத இடத்தில் உத்தம மனஸ்தாபமே இறப்போரின் நம்பிக்கை.

இவற்றுள் ஒன்றைச் செய்வதற்கும் பட்டமளிப்பு தேவையில்லை, கோபுரம் தேவையில்லை. நாள் தவறாமை ஒன்றே தேவை.

மன்னார்ப் பகுதியில் வழங்கிவரும் மரபும் இங்கே நினைவுக்கு வருகிறது. மாந்தையிலிருந்த மரியன்னையின் திருவுருவத்துக்குத் தீங்கு நேருமென அஞ்சிய 20 குடும்பங்கள், 1670-இல் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் சென்றன. மருதமடு என்ற இடத்தில் தங்கின. ஒரு பெரிய திருத்தலத்துக்கு அடிக்கல் நாட்டுகிறோம் என்று அவர்களுள் ஒருவரும் எண்ணியிருக்க மாட்டார். அன்னையை ஒளித்துவைக்க ஓர் இடம் வேண்டும் என்பதே அன்றைய கவலை. இன்று இலங்கைத் திருஅவை முழுவதும் தேடிச்செல்லும் மடுத் திருத்தலம் அந்த அச்சத்தில் பிறந்தது.

ஆனால் இந்த 29 ஆண்டுகளின் கடினமான பகுதியை விட்டுவிட்டு இனிய பகுதியை மட்டும் சொன்னால் நாம் நேர்மையற்றவராவோம். 1658-இல் முப்பது வயதில் குருவை இழந்த ஒருவர், 1687-இல் ஏறத்தாழ அறுபது வயதினர். அக்காலத்து வாழ்நாள் அளவில், காத்திருக்கத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் விடையைக் காணாமலே மண்ணுக்குள் சென்றிருப்பர். "நான் இருக்கும்போதா, நான் போன பிறகா?" என்ற அந்தத் தாயின் கேள்வியை அவர்களும் கேட்டிருக்க வேண்டும். அவர்களுக்கு வரலாறு தந்த விடை, "நீ போன பிறகு" என்பதே.

மறுக்கப்பட்டவரின் பயிற்சி

இனி இக்கரைக்கு வருவோம். கோவா நாட்டுச் சால்செட் பகுதியில், பெனாலிம் என்ற ஊரில், 1651 ஏப்ரல் 21-ஆம் நாள் ஒரு குழந்தை பிறந்தது. யோசேப்பு வாஸ் எனப் பெயரிடப்பட்ட அக்குழந்தை, யாழ்ப்பாணம் வீழ்ந்தபோது ஏழு வயதுச் சிறுவன். அக்கரையில் மக்கள் யாருக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்களோ, அவர் இக்கரையில் அப்போதுதான் எழுத்தறியத் தொடங்கியிருந்தார். காத்திருந்தவர்களுக்கு இது தெரியாது. அந்தச் சிறுவனுக்கும் தெரியாது.

1676-இல் வாஸ் குருவானார். குருக்களின்றித் தவிக்கும் இலங்கைக் கத்தோலிக்கரைப் பற்றிக் கேள்வியுற்று, அங்கே செல்ல விரும்பினார். ஆனால் 1681-இல் மேலிடம் அவரைக் கனரா நாட்டுக்குப் பொறுப்பாளராக அனுப்பியது. நெஞ்சு நாடியது இலங்கையை; கட்டளை கிடைத்ததோ கனராவுக்கு. அங்கும் அமைதி இல்லை. போர்த்துக்கல் அரசின் ஞானாதரவு உரிமைக்கும் உரோமையின் விசுவாசப் பரப்புதல் பேராயத்துக்கும் இடையே எழுந்த அதிகாரப் பூசலின் நடுவில் அவர் நின்றார். ஆயினும் போர்த்துக்கீசப் படையின் துணையின்றி, இந்து மன்னரின் ஆட்சியில், சிதறிக்கிடக்கும் மக்களைத் தேடிச்சென்று மேய்ப்பது எவ்வாறு என்பதை அவர் கற்றது அங்கேதான். இலங்கைக்கு வேண்டிய பயிற்சி, இலங்கைக்குப் போகாதே என்ற கட்டளையின் வழியாகவே அவருக்குக் கிடைத்தது.

1684-இல் கோவா திரும்பிய அவருக்கு மற்றொரு கதவும் மூடியிருந்தது. அக்காலத்தில் ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியரைத் தம் உறுப்பினராக ஏற்பதில்லை. இந்த வேற்றுமையால் புண்பட்ட இந்தியக் குருக்கள் சிலர் பழைய கோவாவில் ஒன்றுகூடி வாழ்ந்துவந்தனர். 1685-இல் வாஸ் அவர்களோடு சேர்ந்தார், அவர்களுக்குத் தலைவரானார். புனித பிலிப்பு நேரியின் ஒரத்தோரிய முறையில் அக்குழு உருப்பெற்றது. ஒல்லாந்தர் காவல் காத்த இலங்கைக்குள் ஓர் ஐரோப்பியக் குரு நுழைந்தால் முகநிறமே காட்டிக்கொடுத்துவிடும். இந்தியர் ஒருவரால் மட்டுமே அங்கே கூலியாளாக, பிச்சைக்காரராக மறைந்து நடமாட முடியும். துறவற சபைகள் யாரைத் தாழ்ந்தவர் என்று தள்ளிவைத்தனவோ, அவர்களே இலங்கைத் திருஅவைக்குத் தேவைப்பட்டனர்.

இங்கே நாம் ஓர் எச்சரிக்கையோடு பேச வேண்டும். அந்த வேற்றுமையை இறைவன் விரும்பினார் என்றோ, ஒல்லாந்தரின் கொடுமையை அவரே திட்டமிட்டார் என்றோ நாம் கூறவில்லை. அநீதி அநீதியே. யோசேப்பைக் குழியில் தள்ளிய சகோதரர் செய்தது பாவமே. ஆனால் அந்தப் பாவத்துக்குப் பின்னும் இறைவன் கை கட்டி நிற்கவில்லை என்று தொடக்கநூல் காட்டுகிறது. 'எல்லாம் நன்மைக்கே' என்று துன்புறுவோரிடம் அவசரமாகச் சொல்வதற்கும், 'இதன் நடுவிலும் இறைவன் செயல்படுகிறார்' என்று நம்புவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னது பிறர் துன்பத்தை எளிதாக்கிப் பேசுவது. பின்னது அத்துன்பத்தை உடனிருந்து சுமப்பது.

வாசலில் நின்ற பிச்சைக்காரர்

1686-இல் வாஸ் அடிகளார் கோவாவை விட்டுப் புறப்பட்டார். யோவான் என்ற பணியாளர் ஒருவர் உடன்சென்றார். இறுதிவரை அவரைப் பிரியாதிருந்தவர் அவர். கனரா வழியாகத் தெற்கே நடந்து, 1687-இல் தூத்துக்குடி வந்தடைந்தனர். ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த அந்தத் துறைமுகத்திலிருந்து, கூலியாள் கோலத்தில், அக்கரைக்குக் கப்பலேறினார் அடிகளார். பயணம் கொடியது. உணவும் நீரும் குறைந்தன. யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது கடும் வயிற்றுக்கடுப்பு அவரை நடக்க முடியாதவராக்கியிருந்தது. நோய் பரவும் என்ற அச்சத்தால் அவரையும் யோவானையும் மக்கள் ஒதுக்கிவைத்தனர். கஞ்சி கொண்டுவந்து கொடுத்த ஓர் ஏழைப் பெண்ணின் இரக்கத்தால் பிழைத்தனர் என்று அவர் வரலாறு கூறுகிறது.

29 ஆண்டுகளாக ஒரு குருவுக்காக மன்றாடிய நாட்டில், அந்தக் குரு வந்துசேர்ந்த விதம் இது! படகு முழங்க, மணி ஒலிக்க அவர் வரவில்லை. நோயாளியாக, தெருவோரத்தில் கிடப்பவராக வந்தார். அந்தக் கஞ்சியைக் கொடுத்த பெண்ணுக்கு, தான் யாருக்கு உயிர் கொடுக்கிறோம் என்பது தெரியாது.

உடல் தேறியதும் அடிகளார் செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். சோறு வாங்குவது அவர் நோக்கமன்று. அந்த மாலையைக் கண்டு எந்த வீட்டார் முகம் மாறுகிறது என்று பார்த்தார். மாலையைக் கண்டும் காணாததுபோல் இருந்த வீடுகள் பல. வந்திருப்பவர் ஒல்லாந்தரின் ஒற்றராக இருக்கலாம் என்ற அச்சமும் நியாயமானதே. இறுதியில் ஒரு குடும்பத்தின் கண்களில் விசுவாசத்தை அவர் கண்டுகொண்டார். தாம் குரு என்பதை வெளியிட்டார். கத்தோலிக்கப் பற்று மிகுந்த சில்லாலை என்ற ஊருக்கு அவரை அழைத்துச் சென்றனர். அதுவே அவருடைய முதல் பங்கு. பகலில் மறைந்தும் இரவில் வெளிப்பட்டும், ஊர் ஊராகச் சென்று திருப்பலி நிறைவேற்றினார். அங்கிருந்த இளைஞர்களுக்கு அதுவே வாழ்நாளின் முதல் திருப்பலியாக இருந்திருக்கும்.

அந்தச் செபமாலையைப் பற்றி நாம் அடிக்கடி எண்ணுவதுண்டு. குரு வந்தார்; ஆனால் அவரை அடையாளம் காண மக்களிடம் ஏதோ ஒன்று எஞ்சியிருக்க வேண்டியிருந்தது. 29 ஆண்டுகளில் தாய்மார் செபமாலையை மறந்திருந்தால், அவர் கழுத்தில் கிடந்தது வெறும் மணிமாலையாகவே தோன்றியிருக்கும். பிச்சைக்காரர் பிச்சைக்காரராகவே கடந்து போயிருப்பார். காத்திருப்பு என்பது சும்மா இருத்தலன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? விடை வரும்போது அதை அறிந்துகொள்ளும் கண்ணைக் காத்துவைப்பதே காத்திருப்போரின் வேலை. குருவைக் காணாது இறந்த அந்த மூத்தோரின் பங்கு இதில் அடங்கியிருக்கிறது. அவர்கள் விடையைக் காணவில்லை. தம் பிள்ளைகள் விடையைக் கண்டுகொள்ளும்படி செய்துவிட்டுச் சென்றார்கள்.

சிறையும் மழையும்

குரு வந்ததும் துன்பம் நீங்கிவிட்டது என்று எண்ணற்க. துன்பம் பெருகிற்று. செய்தி ஒல்லாந்தர் காதுக்கு எட்டியது. கிறிஸ்து பிறப்பு இரவு வழிபாட்டுக்குக் கூடியிருந்தோர் மீது வீரர்கள் பாய்ந்தனர். அடிகளார் தப்பினார், மக்கள் சிறைப்பட்டனர், கசையடிபட்டனர், உயிரிழந்தோரும் உண்டு. தம்மால் மக்கள் மேலும் துன்புறாதிருக்க, அவர் ஒல்லாந்தரின் ஆட்சிக்கு உட்படாத கண்டி அரசின் எல்லைக்குள், புத்தளம் வழியாகச் சென்றார்.

1692-ஆம் ஆண்டளவில் கண்டி நகரை அடைந்தபோது, போர்த்துக்கீச ஒற்றர் என்ற பொய்க் குற்றச்சாட்டின்பேரில் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையிலிட்டான். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவருடைய பணிக்களம் ஒரு சிறைமுற்றம் ஆயிற்று. அவர் அந்நாள்களில் சிங்களம் கற்றார். சிறைக்குள்ளேயே ஒரு குடிசையைச் சிற்றாலயமாக்கித் திருப்பலி நிறைவேற்றினார். அஞ்சி அஞ்சி வந்த கண்டிக் கத்தோலிக்கர் அங்கே அவரைக் கண்டனர். கனரா அவருக்கு ஒரு பள்ளி எனில், இச்சிறை மற்றொரு பள்ளி. வெளியே இருந்திருந்தால் நின்று மொழி கற்க அவருக்கு நேரம் இருந்திருக்குமோ?

1696-இல் கண்டி நாட்டில் கொடிய வறட்சி. மன்னன் தன் சமய முறைப்படி வேண்டுதல்கள் செய்வித்தான். பின்பு வாஸ் அடிகளாரையும் மன்றாடும்படி கேட்டான். அவர் பொது இடத்தில் பீடமும் சிலுவையும் அமைத்து முழந்தாளிட்டு வேண்டினார். மழை பொழிந்தது என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். நாடெங்கும் மறைபரப்ப மன்னன் அவருக்கு உரிமை அளித்தான். மறு ஆண்டு பெரியம்மை கண்டியைத் தாக்கியது. வசதியுள்ளோர் நகரை விட்டு அகன்றனர். வாஸ் அடிகளாரும், அண்மையில் கோவாவிலிருந்து வந்திருந்த அவருடைய உறவினர் கர்வாலோ அடிகளாரும், கைவிடப்பட்ட நோயாளிகளைச் சமய வேறுபாடின்றிப் பேணினர். இறந்தோரை அடக்கம் செய்தனர்.

மழை பெய்த நாளை நாம் அனைவரும் கொண்டாடுகிறோம். அம்மை நோயாளிகளின் சீழைத் துடைத்த நாள்களை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஆனால் கண்டி மக்களின் நெஞ்சைத் தொட்டதில் இந்த இரண்டாவதன் பங்கு சிறிதன்று. இறைவனின் நேரம் சில வேளை மழையாக இறங்குகிறது. பல வேளை பொறுமையாகச் செய்யும் பணியாகவே கடந்துபோகிறது.

விதைத்தவர் காணாத அறுவடை

1711 ஜனவரி 16-ஆம் நாள், 59-ஆம் வயதில், கண்டியில் வாஸ் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். 24 ஆண்டுகள் இலங்கையில் உழைத்த அவர் தாய்நாடு திரும்பவே இல்லை. அவர் அழைப்பைக் கேட்டு வந்த ஒரத்தோரிய சபைக் குருக்கள் பணியைத் தொடர்ந்தனர். அவர்களுள் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் மறைநூல்கள் பல இயற்றி, இரு மொழிக் கத்தோலிக்கருக்கும் செப மொழியைத் தந்தார்.

ஆயினும் யாழ்ப்பாணத்துக்கு விடுதலை அப்போதும் வரவில்லை. ஒல்லாந்தர் ஆட்சி 1796-இல் முடிந்தது. கத்தோலிக்கர்மீது இருந்த சட்டத் தடைகளை ஆங்கிலேய அரசு 1806-இல் நீக்கியது. 1658-இலிருந்து கணக்கிட்டால் 148 ஆண்டுகள்! வாஸ் அடிகளார் கண்ட விடியலும் முழுப் பகல் அன்று. அவரும் விதைத்தவரே, அறுத்தவர்கள் அவருக்கு ஒரு நூற்றாண்டு பிந்தியவர்கள். திருஅவை அவருக்குச் சூட்டிய மகுடமும் காலந்தாழ்ந்தே வந்தது. 1995 ஜனவரி 21-ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். 2015 ஜனவரி 14-ஆம் நாள் அதே நகரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். அவர் இறந்து ஏறத்தாழ 304 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்று பிற்பகலே திருத்தந்தை மடுத் திருத்தலத்துக்குச் சென்றார். 1670-இல் 20 குடும்பங்கள் அன்னையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே காடு. அந்த அன்னையின் மக்கள் இடைப்பட்ட ஆண்டுகளில் பட்ட துயரம் நாம் அறிந்ததே. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அங்கே தஞ்சம் புகுந்தனர். 1999 நவம்பரில் அங்கே எறிகணை விழுந்து பலர் மாண்டனர். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது, குருக்கள் அத்திருவுருவத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் அன்னை மடுவுக்குத் திரும்பினார். 338 ஆண்டுகளுக்குப்பின் அதே திருவுருவம், அதே காரணத்துக்காக, மீண்டும் மனிதரின் கைகளில் பயணப்பட்டது. வரலாற்றில் ஒரு பருவம் முடிந்துவிட்டது என்று நாம் எண்ணும்போது அது திரும்பி வருவதும் உண்டு. காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்திய தாய்மார் அந்நாட்டில் எத்தனையோ ஆண்டுகளாகக் காத்திருக்கின்றனர். அவர்களிடம் '29 ஆண்டு காத்திருந்தார்கள், நீங்களும் காத்திருங்கள்' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்களோடு நின்று, அவர்களுக்கு நீதி கிடைக்க உழைப்பதும் காத்திருப்பின் பகுதியே.

நமக்குரிய நேரம்

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் காலத்துக்கு இரு சொற்கள் உண்டு. கடிகாரமும் நாட்காட்டியும் அளக்கும் காலம் குரோனோஸ். கனிந்து நிறைவுறும் தக்க வேளை கைரோஸ். நமக்குத் தரப்பட்டிருப்பது குரோனோஸ், அதாவது இன்று என்ற நாள். கைரோஸ் இறைவனுடையது. யாழ்ப்பாணத்துத் தாய்மார் இறைவனின் வேளையைக் கணிக்க முயன்று காலத்தைக் கழிக்கவில்லை. இன்று மாலை செபம் சொல்ல வேண்டும், இந்தக் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்க வேண்டும் என்ற அளவில் தம் கடமையைக் கண்டார்கள்.

எபிரேயர் திருமடலின் 11-ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களை வரிசைப்படுத்திவிட்டு, அவர்கள் அனைவரும் வாக்களிக்கப்பட்டதைப் பெறாமலே இறந்தனர் என்று முடிக்கிறது. பின்வருவோராகிய நம்மை விடுத்து அவர்கள் நிறைவு பெறலாகாது என்பதே இறைவனின் எண்ணம் என்கிறது. சிமியோனும் அன்னாவும் தம் கண்ணால் மீட்பைக் கண்டார்கள். அது சிலருக்குக் கிடைக்கும் பேறு. காணாமற்போனவர்களின் விசுவாசம் அதனால் குறைந்ததாகிவிடாது. இறைவனின் நேரம் என்பது ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் அடங்கும் அளவன்று. ஆதலால் அதில் நம்பிக்கை வைப்பவர், தம் வாழ்நாளுக்குப் பின்னும் இறைவன் உயிரோடிருக்கிறார் என்றும், இறந்தோர் அவர் கையில் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்த்தே நம்புகிறார். உயிர்ப்பின் நம்பிக்கை இல்லையேல் 'காத்திரு' என்ற சொல் வெறும் ஏமாற்றே.

கட்டுரையின் தொடக்கத்தில் குறிப்பிட்ட தாய் இன்று இல்லை. அவர் கண்மூடும்வரை மகனைப் பற்றிய செய்தி வரவில்லை. ஆனால் நாம் அப்பங்கில் இருந்த நாள்களில், மாலைதோறும் அவர் கெபியின் முன் அமர்ந்து செபமாலை சொல்வதையும், அண்டை வீட்டுப் பிள்ளைகள் சிலர் அவரைச் சுற்றி அமர்ந்து பதில் சொல்வதையும் கண்டிருக்கிறோம். மகனுக்காகத் தொடங்கிய செபத்தில் அப்பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவருடைய கேள்விக்கு இது விடை என்று நாம் சொல்ல மாட்டோம். மகன் மகனே, ஒரு தாயின் வெறுமையை மற்றொன்று நிரப்பாது. ஆயினும் அந்த மாலை வேளைகளை இறைவன் வீணாகவிடவில்லை என்று நாம் நம்புகிறோம்.

இன்று அவர் வந்து அதே கேள்வியைக் கேட்டால், 'ஆண்டவரின் நேரம் வரும்' என்று நாம் அவ்வளவு விரைவாகச் சொல்லமாட்டோம். "தெரியவில்லை அம்மா. வாருங்கள், சேர்ந்து ஒரு பத்துமணி சொல்வோம்" என்போம். காற்று எப்போது திரும்பும் என்று கேட்டபோது வலையைப் பார்த்துக் குனிந்த அந்த முதியவரும் நமக்கு அதையே கற்றுத்தந்தார் போலும்.